சின்ன மேடையில் ராக் வாசிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் ஓர் அமெச்சூர் ராக் குழுவில் பேஸ் கிதார் வாசிக்கிறேன். எங்கள் நால்வருக்கும் பிழைப்பு வேறு, வாசிப்பது ஆசைக்கு. நாற்பது, ஐம்பது பேர் நிற்கக்கூடிய அறைகளிலும் சிறு விழாக்களிலும் பல ஆண்டுகளாக வாசித்துவருவதால், புதிதாகக் குழு தொடங்கியவர்கள் சந்தேகம் கேட்க வருவார்கள். கேட்கும் ஆள் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. இவற்றில் பாதியை நானே முதல் ஆண்டில் யாரிடமாவது கேட்டிருக்கிறேன். கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளியவை முதலில், சங்கடமானவை கடைசியில்.

எங்களுக்கு எட்டுப் பாட்டுதான் தெரியும். மேடை ஏறலாமா?

தாராளமாக. பல குழுக்கள் சேர்ந்து வாசிக்கும் நிகழ்ச்சியில் புதிய குழுவுக்குப் பெரும்பாலும் அரை மணி நேரம்தான் தருவார்கள். நான்கு நிமிடப் பாட்டு, அதன் பின் கைதட்டல், சுருதி சரிபார்ப்பு, ஒரு வாய்த் தண்ணீர் என்று கணக்குப் போட்டால் ஆறு பாட்டு, விறுவிறுப்பாகப் போனால் ஏழு. உங்களிடம் ஒன்று மிச்சமே இருக்கிறது.

ஆனால் எட்டும் "தெரியும்" என்பதற்கு என்ன பொருள்? ஒத்திகையில் தப்பு வந்தவுடன் நிறுத்தி, சிரித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவது எல்லோருக்கும் பழக்கம். மேடையில் அந்த வசதி கிடையாது. அதனால் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்: நின்றுகொண்டு, வரிசை மாறாமல், என்ன நடந்தாலும் நிறுத்தாமல் முழுப் பட்டியலையும் இரண்டு முறை வாசியுங்கள். உட்கார்ந்தே பழகிய கிதார் கலைஞருக்கு நின்றவுடன் கை வேறு யாருடையதோ போலத் தோன்றும். அதை மேடையில் போய்க் கண்டுபிடிக்க வேண்டாம். இரண்டு முறையும் தடுக்கிய பாட்டு, எவ்வளவு பிடித்ததாக இருந்தாலும், வீட்டிலேயே இருக்கட்டும்.

பாட்டுகளை எந்த வரிசையில் அடுக்குவது?

முதல் பாட்டு உங்களுடையதிலேயே மிகச் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை. தூக்கத்திலும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த மூன்று நிமிடங்களில் கை நடுங்கும், மானிட்டரில் (வாசிப்பவர்களை நோக்கி வைக்கும் ஸ்பீக்கரில்) எதுவும் கேட்காது, ஒலியமைப்பாளர் இன்னும் அளவுகளைத் திருத்திக்கொண்டிருப்பார். மிக உச்சத்தில் பாட வேண்டியதை முதலிலும் வைக்காதீர்கள், கடைசியிலும் வைக்காதீர்கள். தொண்டை சூடானதற்குப் பிறகும் களைப்பதற்கு முன்பும் ஓர் இடம் இருக்கிறது, அங்கே வையுங்கள். சுருதியைக் குறைத்து வாசிக்கும் பாட்டுகள் இருந்தால் அவற்றை அடுத்தடுத்து வையுங்கள். பாட்டுக்குப் பாட்டு தந்தியை இறக்கி ஏற்றுவதைப் பார்க்கவா ஆட்கள் வந்திருக்கிறார்கள்?

நேரம் குறைந்தால் எந்தப் பாட்டை விடுவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். அது கடைசிப் பாட்டாக இருக்கக் கூடாது, நடுவிலிருந்து எடுங்கள். பட்டியலைத் தடித்த மார்க்கரால் பெரிய எழுத்தில் எழுதி ஆளுக்கொரு பிரதி கொடுங்கள். யார் தொடங்குகிறார் என்பதையும் பாட்டின் பக்கத்தில் குறியுங்கள். மேடை இருட்டில் நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் பத்து வினாடி மிக நீளமானது.

எங்களுக்கு யார் இடம் கொடுப்பார்கள்?

நீங்கள் அடிக்கடி போய்க் கேட்கும் இடம்தான் முதலில் கொடுக்கும். மற்றக் குழுக்கள் வாசிப்பதைப் பார்க்கப் போங்கள், பேசுங்கள், சாமான் தூக்க ஒரு கை கொடுங்கள். யார் வேண்டுமானாலும் வந்து வாசிக்கலாம் என்று மைக்கைத் திறந்து வைக்கும் மாலைகளில் இரண்டு பாட்டு வாசியுங்கள். ஏதாவது ஒரு குழுவுக்குக் கடைசி நேரத்தில் வர முடியாமல் போகும்போது ஏற்பாட்டாளருக்கு நினைவுக்கு வருவது தெரிந்த முகம்தான்.

எழுதிக் கேட்பதென்றால் சுருக்கமாக எழுதுங்கள். எத்தனை பேர், என்ன மாதிரி இசை, எவ்வளவு நேரம் வாசிக்க முடியும், கேட்டுப் பார்க்க இரண்டு பதிவுகள். ஒத்திகை அறையில் ஒரே மைக்கில் எடுத்த நேர்மையான பதிவு போதும். "நூறு பேரைக் கூட்டி வருவோம்" என்று மட்டும் எழுதாதீர்கள். அவர் எண்ணிப் பார்ப்பார்.

பணம் கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

நினைக்க மாட்டார்கள், முன்பே கேட்டால். வாசித்து முடித்த பிறகு கேட்டால்தான் முகம் மாறும். பொதுவாக மூன்று வழிகள் உண்டு: குறித்த தொகை, நுழைவுக் கட்டணத்தில் பங்கு, அல்லது ஒன்றுமில்லை. எதுவானாலும் குறுஞ்செய்தியிலாவது எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பங்கு என்றால் எதில் பங்கு, ஒலியமைப்புச் செலவைக் கழித்த பிறகா முன்பா என்பதையும் கேளுங்கள்.

என் கணக்கு எளிமையானது. உங்கள் வாசிப்பால் யாராவது சம்பாதிக்கிறார் என்றால் நீங்களும் கேட்கலாம். யாருமே சம்பாதிக்கவில்லை என்றால் மகிழ்ச்சியாகச் சும்மா வாசிக்கலாம். வாசிப்பதற்கு நீங்களே பணம் கட்ட வேண்டும், அல்லது டிக்கெட்டுகளை முன்பணம் கொடுத்து வாங்கி விற்றுக்கொள்ள வேண்டும் என்கிறவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கிடைக்கும் முதல் சில தொகைகளைப் பிரித்துக்கொள்ளாமல் பொதுப் பையில் போடுங்கள். தந்தியும் கேபிளும் அதைத் தின்றுவிடும்.

வேறொருவருடைய பாட்டை வாசிக்க அனுமதி வாங்க வேண்டுமா?

பொது இடத்தில் வாசிக்கும் உரிமை பாட்டை எழுதியவருக்கு உரியது. ஆனால் அதற்கான உரிமத்தைப் பெரும்பாலும் இடத்தை நடத்துபவரோ ஏற்பாட்டாளரோதான் உரிமைச் சங்கங்களிடம் வாங்குவார், குழு வாங்குவதில்லை. இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த ஏற்பாட்டின் கதை சுவையானது. 1847இல் பாரிஸில் எர்னஸ்ட் பூர்ஷே என்ற பாடலாசிரியர், தம் பாட்டை வாசித்துக்கொண்டிருந்த ஒரு கஃபேயில், தாம் குடித்த பானத்துக்குப் பணம் தர மறுத்தார். "என் பாட்டை இங்கே காசு கொடுக்காமல் வாசிக்கிறீர்கள், நான் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்?" என்பது அவருடைய வாதம். வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1851இல் சாசெம் என்ற உரிமைச் சங்கம் பிறந்தது. அது இன்றும் இயங்குகிறது.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

முதலில் அங்கே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். டிரம்ஸ் செட்டையும் ஆம்ப்களையும் (கிதாரின் ஒலியைப் பெருக்கும் பெட்டிகள்) எல்லாக் குழுக்களும் பகிர்ந்துகொள்வது வழக்கம். அப்போதும் ஸ்நேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறு டிரம்), சிம்பல்கள் (உலோகத் தட்டுகள்), கிக் பெடல் (தரையில் நிற்கும் பெரிய கிக் டிரம்மைக் காலால் அடிப்பது), குச்சிகள் ஆகியவற்றை டிரம்மர் தானே கொண்டுவர வேண்டும். உடைவதும் தேய்வதும் அவைதான், அவற்றை யாரும் இரவல் தர விரும்ப மாட்டார்கள். வழுக்கும் தரையில் கிக் டிரம் ஒவ்வோர் அடிக்கும் ஓர் அங்குலம் முன்னே நகரும். ஒரு பழைய கம்பளம் அதைத் தடுக்கும்.

மற்றபடி, ஒரே ஒரு கேபிள் கொண்டுபோனால் அன்றைக்குத்தான் அது செத்துப்போகும். கேபிள், தந்தி, பிக், பேட்டரி, ஃபியூஸ் எல்லாவற்றிலும் மாற்று வேண்டும். மின் நீட்டிப்புக் கம்பி, ஒட்டும் டேப், சிறிய டார்ச், டியூனர், டிரம் சாவி, மார்க்கர், ஒரு துண்டு ஆகியவை ஒரு பையில் நிரந்தரமாகவே இருக்கட்டும். கிதாரின் ஒலியை மாற்ற வைத்திருக்கும், பேட்டரியில் ஓடும் பெடல்களில் உள்ளீட்டுக் கேபிளைச் செருகியிருந்தாலே பெரும்பாலும் பேட்டரி கரைந்துகொண்டிருக்கும். வாசிக்காத நேரத்தில் பிடுங்கிவிடுங்கள். நான் ஒருமுறை கிதாரின் தோள்வாரை மறந்துவிட்டுப் போய், முழு நேரமும் ஒரு காலை ஆம்ப் மேல் தூக்கி வைத்துக்கொண்டு வாசித்தேன். பார்த்தவர்கள் அதை ஒரு பாணி என்று நினைத்துக்கொண்டார்கள். இடுப்பு அப்படி நினைக்கவில்லை.

50 வாட் ஆம்ப் போதுமா? 100 வாட் வாங்கினால் இரண்டு மடங்கு சத்தம் வருமா?

வராது. வாட்டை இரட்டித்தால் கிடைப்பது 3 டெசிபல்தான். காதுக்கு "இரண்டு மடங்கு" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. அதாவது 50 வாட் ஆம்ப், 5 வாட் ஆம்பைவிட இரண்டு மடங்குதான் சத்தமாகக் கேட்கும். ஐம்பது பேர் நிற்கும் அறைக்கு 15 அல்லது 20 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப் தாராளம். பேஸ் கிதாருக்கு மட்டும் கணக்கு வேறு. தாழ்ந்த சுரங்களுக்கு ஆற்றல் அதிகம் தேவைப்படும்.

அப்படியானால் பெரிய ஆம்ப்கள் ஏன் வந்தன? 1960களில் அரங்க ஒலியமைப்பு மிகவும் பலவீனமாக இருந்தது. கிதாரின் ஒலி ஆம்பிலிருந்து நேராகவே கூட்டத்தின் கடைசி வரை போய்ச் சேர வேண்டியிருந்தது. 1965இல் நியூயார்க்கின் ஷே மைதானத்தில் பீட்டில்ஸ் 55,000க்கும் மேற்பட்டோர் முன் வாசித்தபோது 100 வாட் ஆம்ப்கள் வைத்திருந்தும் கூச்சலில் தங்கள் வாசிப்பே அவர்களுக்குக் கேட்கவில்லை. அந்தக் காலத்துத் தீர்வை இன்றைய சின்ன அறைக்குள் கொண்டுவந்தால் அடுத்த கேள்வி பிறக்கிறது.

எங்கள் பாடகர் குரல் யாருக்குமே கேட்கவில்லை. மைக்கைக் கூட்டச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் கூட்டினால் மைக் ஊளையிடும். அந்த எல்லையை ஒலியமைப்பாளர் ஏற்கெனவே தொட்டிருப்பார். சின்ன அறையில் டிரம்ஸுக்கு வால்யூம் குமிழ் கிடையாது, குரலுக்கு ஊளை என்ற கூரை உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடத்தில்தான் மற்ற எல்லாம் அடங்க வேண்டும். எனவே கூட்டுவதைப் பற்றிப் பேசாமல் குறைப்பதிலிருந்து தொடங்குங்கள். முதலில் குரலை ஊளையிடாத அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு டிரம்ஸ், பிறகு பேஸ், கடைசியில் கிதார்கள், ஒவ்வொன்றாகச் சேருங்கள். குரல் மறையத் தொடங்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

கிதார் கலைஞர்கள் ஏன் இவ்வளவு கூட்டுகிறார்கள்? ஆம்ப் அவர்களுடைய முழங்காலுக்குப் பின்னால் இருக்கிறது. காது மேலே இருக்கிறது. ஆம்பை நாற்காலிமேல் ஏற்றியோ பின்னோக்கிச் சாய்த்தோ காதைப் பார்க்க வையுங்கள். உடனே அவரே குறைப்பார். எந்த வாதமும் செய்யாத வேலையை ஒரு நாற்காலி செய்துவிடும். பாடகரும் தம் பங்குக்கு மைக்கை உதட்டோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். தூரம் பாதியானால் சுமார் 6 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கிறது, யாரும் எந்தக் குமிழையும் தொடாமலே.

மைக் ஏன் ஊளையிடுகிறது?

ஸ்பீக்கரில் வந்த ஒலி மறுபடியும் மைக்குக்குள் போய், பெருகி, மீண்டும் ஸ்பீக்கரில் வருகிறது. அவ்வளவுதான். எனவே பெரிய ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் நில்லுங்கள், முன்னால் வராதீர்கள். 1966இல் வந்து இன்றும் மேடைதோறும் காணப்படும் ஷூர் எஸ்.எம்.58 போன்ற மைக்குகள் முன்பக்க ஒலியை நன்றாகவும் நேர்பின்பக்க ஒலியை மிகக் குறைவாகவும் பிடிக்கும். மானிட்டரை மைக்கின் வாலுக்கு நேரே வைப்பது அதனால்தான். சிலர் பாணிக்காக மைக்கின் தலையைக் கைக்குள் பொத்திப் பிடிப்பார்கள். பின்பக்கத் துளைகள் மூடியவுடன் மைக் எல்லாப் பக்கமும் கேட்கத் தொடங்கிவிடும். ஊளை உறுதி.

சவுண்ட் செக்கில் (நிகழ்ச்சிக்கு முன் ஒலி அளவுகளைச் சரிபார்க்கும்போது) நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

கேட்டபோது வாசிப்பது, கேட்காதபோது சும்மா இருப்பது. இரண்டாவதுதான் கடினம். கிக் டிரம்மை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்போது கிதார் கலைஞர் தமக்குப் பிடித்த துண்டை வாசித்துக்கொண்டிருப்பார். அவர் ஒருவரால் கால் மணி நேரம் போகும்.

உண்மையில் எந்த அளவில் வாசிப்பீர்களோ அதே அளவில் வாசியுங்கள். செக்கில் அடக்கி வாசித்துவிட்டு நிகழ்ச்சியில் கூட்டுவது ஒலியமைப்பாளருக்குச் செய்யும் துரோகம். "ஹலோ, ஹலோ" என்று முணுமுணுக்காமல் பாடுங்கள். உங்களுடைய மிகச் சத்தமான பகுதியும் மிக மென்மையான பகுதியும் அவருக்குக் கேட்க வேண்டும். அவர் பெயரைத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லி அழையுங்கள். அறை நிறைந்ததும் ஒலி மந்தமாகத் தோன்றினால் பதற வேண்டாம். மனித உடலும் உடையும் கூர்மையான ஒலிகளை உறிஞ்சிக்கொள்ளும். பல இடங்களில் சவுண்ட் செக்கே இருக்காது, கேபிள் எல்லாம் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். அன்றைக்கு உங்கள் முதல் பாட்டுதான் சவுண்ட் செக். முதல் பாட்டு எளிதாக இருக்கட்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒலியமைப்பாளரே இல்லை. மிக்ஸரை நாங்களே பார்த்துக்கொள்ள முடியுமா?

முடியும், பேராசைப்படாமல் இருந்தால். சின்ன அறையில் குரலை மட்டும் மிக்ஸர் (ஒலிகளைக் கலந்து அளவு வைக்கும் கருவி) வழியாக அனுப்புங்கள். கிதார், பேஸ், டிரம்ஸ் தாமாகவே கேட்கும். கீபோர்டோ அக்வஸ்டிக் கிதாரோ இருந்தால் டி.ஐ. பெட்டி (கருவியின் ஒலியை மைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் சிறு பெட்டி) வழியாக இணையுங்கள். சாதாரணக் கிதார் கேபிள் ஆறு மீட்டருக்கு மேல் நீண்டால் கூர்மை மங்கத் தொடங்கும், இரைச்சலும் சேரும். டி.ஐ. பெட்டி அதே ஒலியை மைக் கேபிளில் பல பத்து மீட்டர் தூரம் பாதிப்பில்லாமல் அனுப்பும்.

இசை தெரிந்த நண்பர் ஒருவரை அறை நடுவில் நிறுத்தி, "குரல் புரிகிறதா?" என்ற ஒரே கேள்வியை மட்டும் கேளுங்கள். வேறெதையும் கேட்டால் அவர் கருத்துச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

மேடையில் என் வாசிப்பே எனக்குக் கேட்கவில்லை. எப்படிச் சமாளிப்பது?

மானிட்டரில் "என்னைக் கூட்டுங்கள்" என்று கேட்பதற்கு முன் "எதைக் குறைக்கலாம்?" என்று யோசியுங்கள். நால்வரும் மாறி மாறித் தங்களைக் கூட்டச் சொன்னால் கடைசியில் யாருக்கும் எதுவும் கேட்காது. எனக்கு மானிட்டரில் வேண்டியது குரலும் கொஞ்சம் கிக் டிரம்மும் மட்டும். பாடகருக்குத் தம் குரலும் சுருதிக்கு ஒரு கிதாரும் போதும்.

நெருங்கி நில்லுங்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லி வினாடி எடுக்கும். பத்து மீட்டர் தள்ளி நின்றால் டிரம்ஸ் 30 மில்லி வினாடி பிந்தி வரும், தாளம் தளர்வதாகத் தோன்றும். சின்ன மேடையில் இடிபட்டு வாசிப்பதில் உள்ள லாபம் இதுதான். எல்லோரும் டிரம்மரின் கையைப் பார்க்கும்படி நிற்கலாம். கேட்காததைக் கண்ணால் பிடிக்கலாம்.

மைக்கில் உதடு பட்டால் சுரீர் என்கிறது. பரவாயில்லையா?

இல்லை. உடனே நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் நான் விளையாட்டில்லாமல் சொல்வது இது ஒன்றுதான்.

கிதார் தந்திகள் ஆம்ப் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கின்றன, மைக்கின் உடல் மிக்ஸர் வழியாக. இரண்டில் ஒன்றுக்கு எர்த் சரியில்லை என்றால் நடுவில் நிற்கும் நீங்கள்தான் கம்பி. 1972இல் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிதார் கலைஞர் லெஸ் ஹார்வி, ஸ்வான்சி நகர மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தார். மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டுவது தீர்வாகாது. காலணி போட்டுக்கொள்வதும் ஆகாது. மின்சாரம் தெரிந்தவர் இணைப்பைப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வாசிக்க மாட்டோம் என்று சொல்லிவிடுங்கள். ஆம்ப் இரைகிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் முனையை வெட்டுகிறவரைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள். இரைச்சலைப் போக்க டி.ஐ. பெட்டியிலேயே அதற்கென ஒரு சுவிட்ச் இருக்கிறது.

காது கெட்டுப்போகுமா?

போகும். மேடையைவிட ஒத்திகை அறையில் வேகமாகப் போகும், ஏனென்றால் அறை சிறியது, நேரம் அதிகம். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பின்படி 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை இருக்கலாம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். டிரம்ஸுக்குப் பக்கத்தில் 100 டெசிபல் ஒன்றும் அபூர்வமில்லை.

காதில் செருகும் பஞ்சு அடைப்பான் கூர்மையான ஒலிகளை அதிகமாக விழுங்கி எல்லாவற்றையும் கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல ஆக்கும். இசைக் கலைஞர்களுக்கென்றே செய்யப்பட்ட வடிகட்டி அடைப்பான்கள் எல்லாவற்றையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், சுருதி கெடாது. நான் ஐந்து ஆண்டுகள் ஹை-ஹாட்டுக்கு (டிரம்ஸின் ஜோடிச் சிம்பலுக்கு) பக்கத்தில் அடைப்பான் இல்லாமல் நின்றேன். வலது காதில் இப்போது எப்போதும் ஒரு மெல்லிய ரீங்காரம் இருக்கிறது. இரவு மின்விசிறியை நிறுத்தினால் நன்றாகக் கேட்கும்.

ஒத்திகையில் சரியாக இருக்கிறது, மேடையில் வேகம் ஓடிவிடுகிறதே?

படபடப்பில் எல்லோருக்கும் நேரம் மெதுவாகத் தோன்றும், அதனால் எண்ணிக்கையே வேகமாகப் பிறக்கும். டிரம்மர் எண்ணத் தொடங்குவதற்கு முன் பல்லவியின் முதல் வரியை மனத்துக்குள் ஒருமுறை பாடிப் பார்க்கட்டும். பாடும் வேகம்தான் பாட்டின் வேகம். அது போதவில்லை என்றால் ஒளி மட்டும் மின்னும் மெட்ரோனோமை முன்னால் வைத்துத் தொடக்கத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அறை கோணல், ஆம்ப் கோணல் என்று காரணம் தேடாதீர்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

நடுப்பாட்டில் தப்பு வந்தால்? தந்தி அறுந்தால்?

டிரம்ஸும் பேஸும் நிற்கக் கூடாது, அது ஒன்றுதான் விதி. அவை ஓடிக்கொண்டிருந்தால் வேறு எது விழுந்தாலும் பாட்டு விழாது. தொலைந்தவர் அடுத்த பல்லவியில் வந்து சேர்ந்துகொள்ளலாம் என்று குழுவுக்குள் முன்பே பேசி வைத்திருங்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். எங்கள் பாடகர் ஒருமுறை இரண்டாம் சரணத்தை மறந்து முதல் சரணத்தையே மீண்டும் பாடினார். இறங்கியவுடன் மன்னிப்புக் கேட்டார். யாரிடம் கேட்பது? கவனித்தது நாங்கள் மூவர் மட்டும்.

தந்தி அறுந்தால் உங்கள் கிதாரின் பாலத்தை (தந்திகளை உடலில் தாங்கும் பகுதியை) பொறுத்தது. அசையாத பாலம் என்றால் மீதி ஐந்தில் சமாளிக்கலாம். ஸ்பிரிங்கில் மிதக்கும் பாலம் என்றால் ஒரு தந்தி போனவுடன் மற்றவை எல்லாம் சுருதி ஏறிவிடும், தொடர முடியாது. அப்படிப்பட்ட கிதார் வைத்திருப்பவர் இரண்டாவது கிதாரைப் பக்கத்திலேயே சுருதி சேர்த்து வைத்திருக்க வேண்டும். புதுத் தந்தியை நிகழ்ச்சிக்கு ஒரு மணி முன்பு மாட்டாதீர்கள். அது இழுபட்டு அடங்கும்வரை சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். ஓரிரு நாள் முன்பே மாட்டி வாசித்து அடக்கிவிடுங்கள்.

பாட்டுக்கு நடுவில் என்ன பேசுவது?

குறைவாக. இரண்டாவது பாட்டுக்குப் பிறகு ஒருமுறை, கடைசிப் பாட்டுக்கு முன் ஒருமுறை குழுவின் பெயரைச் சொல்லுங்கள். "இதை இன்னும் சரியாகப் பழகவில்லை", "எனக்குத் தொண்டை சரியில்லை" என்று எதையும் சொல்லாதீர்கள். சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. சுருதி சேர்ப்பது ஒலியை அடைக்கும் டியூனர் பெடலில் மௌனமாக நடக்கட்டும்.

ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். வாசிக்கத்தான் வேண்டுமா?

வேண்டும், முழுப் பட்டியலையும். வராதவர்கள் மேலுள்ள கோபத்தை வந்த ஐந்து பேரிடம் காட்டுவது என்ன நியாயம்? அவர்களை முன்னால் வரச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் மேடையிலிருந்து இறங்கி அருகில் போங்கள். அந்த ஐந்து பேரில் இருவர் அடுத்து வாசிக்கவிருக்கும் குழுவினராகத்தான் இருப்பார்கள். எங்கள் அடுத்த மூன்று நிகழ்ச்சிகள் அப்படி ஒரு வெறும் அறையிலிருந்துதான் கிடைத்தன.

மூன்று குழுக்கள் வாசிக்கும் மாலையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

முடிந்தவுடன் எல்லாவற்றையும் முதலில் மேடையிலிருந்து இறக்குங்கள், பிறகு கழற்றிப் பெட்டியில் வையுங்கள். மேடைமேல் உட்கார்ந்து கேபிளை அழகாகச் சுருட்டுவது அடுத்தவர் நேரத்தைத் திருடுவது. கொடுத்த நேரத்தை மீறாதீர்கள். ஒரு பாட்டு அதிகம் வாசித்ததை அடுத்த குழு ஆண்டுக்கணக்கில் நினைவில் வைத்திருக்கும். இரவல் ஆம்பின் குமிழ்களைத் தொடும் முன் படம் எடுத்துக்கொண்டு, போகும்போது பழையபடி வைத்துவிடுங்கள். முதலில் வாசித்துவிட்டு நண்பர்களையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடும் குழுவை யாரும் இரண்டாம் முறை கூப்பிடுவதில்லை.

வீடியோ எடுத்து வெளியிடலாமா?

சொந்தப் பாட்டு என்றால் தாராளமாக. அடுத்தவர் பாட்டை மேடையில் வாசிக்கும் உரிமமும் பதிவு செய்து வெளியிடும் உரிமமும் வேறு வேறு. இடத்துக்காரர் வாங்கியது முதலாவது மட்டும். கைப்பேசியை ஸ்பீக்கருக்கு எதிரே வைக்காதீர்கள், ஒலி கரகரக்கும். அறையின் பின்பாதியில் மார்பு உயரத்தில் வைத்தால் போதும்.

ஒருவர் பிரமாதமாக வாசிப்பார், ஆனால் ஒத்திகைக்கே வருவதில்லை. என்ன செய்வது?

நேரம் ஒத்துவராததால் வரவில்லையா, ஆர்வம் போனதால் வரவில்லையா என்று நேராகக் கேளுங்கள். முதலாவது என்றால் ஒத்திகை நாளை மாற்றிப் பாருங்கள். இரண்டாவது என்றால் அவரும் அதைச் சொல்லத் தெரியாமல் தவித்துக்கொண்டிருப்பார். எங்கள் குழுவில் ஒரு கிதார் கலைஞர் அப்படி விலகினார். அவரைவிடத் திறமை குறைந்தவர் வந்தார், வாரம் தவறாமல் வந்தார். ஆறு மாதத்தில் குழு முன்பைவிட நன்றாக ஒலித்தது. முந்தையவரோடு இன்றும் நட்பாகத்தான் இருக்கிறோம், முன் வரிசையில் நின்று குறை சொல்வார்.

எங்கள் டிரம்மர் பயங்கரச் சத்தம். சொன்னால் கோபப்படுகிறார்.

குரல் கேட்கவில்லை என்ற கேள்விக்கு நான் சொன்ன கணக்கு முழுவதும் அவர் கையில்தான் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும், அதனால்தான் கோபம். "மெதுவாக அடி" என்று சொல்வது பாடகரிடம் "உணர்ச்சியில்லாமல் பாடு" என்று சொல்வதைப் போல. அதற்குப் பதிலாக, மேலே சொன்னபடி அறையின் பின்பாதியில் கைப்பேசியை வைத்து ஒத்திகையைப் பதிவு செய்து, எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து கேளுங்கள். யாரும் எதுவும் சொல்ல வேண்டாம். கிதார்களும் அதில் மாட்டிக்கொள்ளும், அதனால் அவர் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்க மாட்டார்.

பிறகு கருவிகளைப் பற்றிப் பேசுங்கள், ஆளைப் பற்றி வேண்டாம். மெல்லிய குச்சிகள் இருக்கின்றன. பல மெல்லிய கம்புகளைக் கட்டிச் செய்த குச்சிகள் இன்னும் அடக்கமானவை. ஸ்நேர் தோலின் ஓரத்தில் ஒரு சிறு ஒட்டும் பட்டை வைத்தால் ரீங்காரம் குறையும். சின்ன அறையில் காதைக் கிழிப்பது பெரும்பாலும் சிம்பல்கள்தான், டிரம்கள் அல்ல. ஒரு சிம்பலைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். எங்கள் டிரம்மர் பதிவைக் கேட்டுவிட்டு அன்று ஒன்றும் பேசாமல் போனார். மூன்றாம் வாரம் தாமாகவே மெல்லிய குச்சிகளோடு வந்தார். இதை அவரும் படிப்பார் என்பதால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.